1-0-0 என்று எழுதிய மாத்திரையை இரவு ஷிஃப்டில் எப்போது போடுவது?

கேள்வி:

டாக்டர், எனக்கு 29 வயது. கோவையில் மெடிக்கல் கோடிங் வேலை. மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிஃப்ட். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டிலேயே "கெட்டிக்காரி, ஆனால் பாதி நேரம் வகுப்பில் இல்லை" என்று டீச்சர் எழுதியிருக்கிறார். நான்கு மாதம் முன்பு ஒரு மனநல மருத்துவர் நன்றாக விசாரித்துவிட்டு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவுக் கோளாறு) என்றார். முதல் மாதம் மெத்தில்ஃபெனிடேட் சாதா மாத்திரை 10 மி.கி., பிறகு லாங் ஆக்டிங் 20 மி.கி. கொடுத்தார். சீட்டில் 1-0-0, அதாவது காலையில் மட்டும் ஒன்று. காலையில் போட்டால் நான் வேலைக்குக் கிளம்பும்போது அதன் வேகம் போய்விடுகிறது. அதனால் நானாகவே மாலை 5 மணிக்கு மாற்றிக்கொண்டேன். நள்ளிரவில் அசதியாக இருந்தால் மிச்சமிருக்கும் 10 மி.கி. சாதா மாத்திரையில் ஒன்று போடுவேன், கூடவே இரண்டு மூன்று காபி.

வேலை நன்றாக நடக்கிறது. ஆனால் விடிகிறவரை தூக்கம் வருவதில்லை. ஆறு மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழுகிறேன். விடுமுறை நாளில் பத்து மணி நேரம் தூங்கினாலும் மந்தமாகவே இருக்கிறது. போன வாரம் பொள்ளாச்சி ரோட்டில் அம்மா வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போது கண் சொருகிவிட்டது. பின்னால் வந்த லாரியின் ஹாரன்தான் எழுப்பியது. கூட வேலை செய்யும் தோழி, "மோடாஃபினில் போடு, தூக்கமே வராது" என்று ஓர் அட்டை கொடுத்திருக்கிறாள். இன்னும் போடவில்லை. மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் என்னை ஏதோ குற்றவாளி போலப் பார்க்கிறார்கள். மாமியார் "போதை மாத்திரை" என்கிறார். குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் தம்பி, "எனக்கும் நாலு கொடு" என்கிறான். நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. நான் குறட்டை விடுவதாகக் கணவர் கிண்டல் செய்கிறார். இப்போதைக்குக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக ஸ்கூட்டர் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா வீட்டுக்குப் போக உக்கடத்தில் பஸ் ஏறுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கப்புறம் பேசலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். கண் சொருகிய அந்த இரண்டு மூன்று நொடியில் உங்கள் வண்டியை யாரும் ஓட்டவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். தூக்கம் போதாத மூளை, மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்து உள்ளே இருக்கும்போதும் இப்படி நொடிக்கணக்கில் அணைந்துபோகும். மருந்து தருகிற தெம்பில் நமக்கு அது தெரியாமல் போவதுதான் கூடுதல் ஆபத்து. பகல் தூக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்கிற வரை ஓட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கவனக்குறைவு என்ற பிரச்சினை ஒன்று இருக்கிறது, பகல் தூக்கம் என்ற பிரச்சினை இன்னொன்று இருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துத் தீர்க்கப் பார்க்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த மருந்துகளின் வரலாறே அப்படித்தான். ஆம்ஃபெட்டமினை மருத்துவர்கள் 1935-இல் முதலில் கொடுத்துப் பார்த்தது, பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழும் நார்கோலெப்சி நோயாளிகளுக்கு. இரண்டே வருடத்தில், 1937-இல், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் நடத்தைக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு அதையே கொடுத்தார்; துறுதுறுவென்று அலைந்தவர்கள் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் சாப்பிடும் மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸோன் தயாரித்தார். அவருடைய மனைவி மார்கரீட், செல்லமாக ரீட்டா, டென்னிஸ் ஆடுவதற்கு முன் அதைப் போட்டுக்கொள்வாராம். ரிட்டலின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. இன்றும் அந்த மருந்துக்கு ஏ.டி.எச்.டி., நார்கோலெப்சி இரண்டுக்குமே அனுமதி இருக்கிறது.

ஆனால் அது செய்வது ஒரே ஒரு வேலை. மூளையின் நரம்பு முனைகளில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வெளியானதும், அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்கள் இருக்கின்றன. மெத்தில்ஃபெனிடேட் அந்த வாயில்களை அடைத்துவைக்கிறது. இரண்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக வெளியே நிற்பதால் கவனம் நிலைக்கிறது, தூக்கம் விலகி நிற்கிறது. தூக்கம் தீர்ந்துபோவதில்லை. நான்கு மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் மீதி மூன்று நான்கு மணி நேரம் பாக்கியாகவே நிற்கும். மருந்தின் வேகம் இறங்கியதும், அல்லது பொள்ளாச்சி ரோட்டில், வந்து வசூல் செய்யும்.

சரி, 1-0-0-க்கு வருவோம். சீட்டில் அப்படி எழுதும் மருத்துவரின் மனதில் இருப்பது, ஏழு மணிக்கு எழுந்து இரவு பதினோரு மணிக்குத் தூங்கும் ஓர் ஆள். உங்களுடைய ஷிஃப்ட் நேரத்தை நீங்கள் சொன்னீர்களா, அவர் கேட்டாரா என்பது கடிதத்தில் இல்லை. இந்த மருந்தில் எத்தனை மில்லிகிராம் என்பதற்குச் சமமான கேள்வி, எத்தனை மணிக்கு என்பது. சாதா மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். லாங் ஆக்டிங் என்பது தயாரிப்பைப் பொறுத்து எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை போகும். நீங்கள் ஐந்து மணிக்குப் போடும் மாத்திரை, எட்டு மணி நேரக்காரர் என்றால் ஒரு மணிக்கு இறங்கும். பன்னிரண்டு மணி நேரக்காரர் என்றால் விடியற்காலை ஐந்து வரை நிற்கும். அதன் மேல் நள்ளிரவில் இன்னொரு 10 மி.கி., அதன் மேல் காபி. காபியின் காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குக் குடித்த காபியில் பாதி ஆறு மணிக்கும் உங்களோடு படுக்கையில் இருக்கிறது. தூக்கம் எங்கிருந்து வரும்?

நள்ளிரவு மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். அது உங்கள் மருத்துவர் கொடுக்காத டோஸ். மிச்சமிருந்த பழைய அட்டையை வைத்து நாமாகக் கூட்டிக்கொள்வதுதான், மருந்தாக இருப்பது வேறொன்றாக மாறுவதற்கான முதல் படி. மாலை மாத்திரையின் நேரத்தை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் தூங்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது என் வழக்கம். அதிகாலை ஐந்து மணிக்குத் தூங்க வேண்டுமென்றால், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மாத்திரையை மாலை நான்குக்குப் பிறகு போடக் கூடாது. எட்டு மணி நேர வகை என்றால் ஆறு மணிவரைகூடத் தள்ளலாம். உங்கள் அட்டையில் இருப்பது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே 20 மி.கி. என்றாலும் கம்பெனி மாறினால் மருந்தை வெளிவிடும் முறை மாறலாம். அதனால் கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று வேறு பிராண்ட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். லாங் ஆக்டிங் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பகல் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சில வகைகளில் மருந்து கரைந்தபின் காலி ஓடு மட்டும் மலத்தில் முழு மாத்திரை போலவே வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று இன்னொன்று போட்டவர்கள் உண்டு.

எட்டு மணி நேர வகை என்றால் ஷிஃப்டின் கடைசி ஒன்றரை மணி நேரமாவது மருந்தின் துணை இல்லாமல்தான் போகும். கஷ்டமான சார்ட்டுகளை முன்னிரவில் முடித்துவிட்டு, பழகிய வேலைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள். மருந்து இறங்குகிற நேரத்தில் சிலருக்கு எரிச்சலும் படபடப்பும் வரும். அதை "டோஸ் போதவில்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரை மணி, ஒரு மணியில் அடங்கிவிடும். கடைசிக் காபி இரவு பத்து மணிக்கு. வேலை முடிந்து வரும்போது விடிந்துவிட்டால் வெயில் கண்ணில் படாமல் வந்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஏழு மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்க ஏற்பாடு வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் மருமகள் மதியம்வரை தூங்குவது எவ்வளவு பெரிய விவகாரம் என்று எனக்குத் தெரியும். அதை உங்கள் கணவர்தான் அவருடைய அம்மாவிடம் பேச வேண்டும். உங்கள் தலையில் போடக் கூடாது.

இனி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள். விடுமுறையில் பத்து மணி நேரம் தூங்கியும் மந்தம். கணவர் கிண்டல் செய்யும் குறட்டை. என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்தில் அதிகம் கவனிக்க வேண்டியவை இவைதான்.

பகல் தூக்கத்துக்குப் பெரிய காரணம், வெறுமனே தூக்கம் போதாதது. உங்களுக்கும் அதுதான் முதல் சந்தேகம். ஆனால் குறட்டை இருப்பதால் ஸ்லீப் ஆப்னியாவையும் பார்த்துவிட வேண்டும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைபட்டு, பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்படும். மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கும், மறுபடி தூங்கும். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் அது நோய்க் கணக்கில் வரும். இரவு முழுக்க நூறு தடவை எழுப்பப்பட்டவருக்கு எட்டு மணி நேரம் தூங்கியதாகத்தான் ஞாபகம் இருக்கும். பருமனான ஆண்களுக்கு மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெண்களிடம் இது குறட்டையைவிடச் சோர்வாகவும் மறதியாகவும் கவனச் சிதறலாகவும் வெளிப்படுவது அதிகம், அதனால்தான் தப்பிவிடுகிறது. உங்கள் ஏ.டி.எச்.டி. தவறான கணிப்பு என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு நல்ல சாட்சி. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பது இந்தக் கணிப்பின் முக்கிய விதி. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்கிறேன். ஆப்னியாவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும், மெத்தில்ஃபெனிடேட்டும் ஏற்றும். ஒன்றைக் கவனிக்காமல் மற்றதை மட்டும் வைத்தியம் செய்வது நல்லதில்லை.

நார்கோலெப்சி அரிது. இருந்தாலும் இரண்டு கேள்விகளை உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கி விழப் போவது போலவோ, தாடை தொங்கிப் போவது போலவோ ஆகிறதா, நினைவு தெளிவாக இருக்கும்போதே? தூங்கப் போகிற நேரத்திலோ விழிக்கிற நேரத்திலோ உடம்பை அசைக்க முடியாமல், ஊரில் அமுக்குவான் என்கிறார்களே, அது அடிக்கடி வருகிறதா? இரண்டாவது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். தூக்கம் கெட்ட யாருக்கும் வரும். முதலாவது இருந்தால் அவசியம் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் வரும் நோய் அது. அந்த நோயாளிகளுக்கு ஊக்க மருந்து வாழ்நாள் துணை. மதியம் பதினைந்து இருபது நிமிடக் குட்டித் தூக்கமும் உதவும்.

எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் உருவாக்கியது. புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, காரில் பயணியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது, யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது கண் அயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். 24-க்கு 10-க்கு மேல் வந்தால் சாதாரண அசதி இல்லை என்று பொருள். அப்புறம் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் காபி, எப்போது படுத்தது, எப்போது எழுந்தது. இவற்றோடு போனால் மருத்துவர் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் தூக்கத்தையும் பதிவு செய்யும் பரிசோதனை) தேவையா என்று முடிவெடுப்பார். நார்கோலெப்சிக்கான பகல் நேரப் பரிசோதனை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து தடவை படுக்கவைத்து எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறீர்கள் என்று அளப்பார்கள். ஊக்க மருந்து உள்ளே இருந்தாலோ, இரவு ஷிஃப்டிலிருந்து நேராக வந்து படுத்தாலோ அந்த முடிவை நம்ப முடியாது. அதற்கு முன் மருந்தை நிறுத்தி, ஒழுங்காக இரவில் தூங்கி, திட்டமிட்டுச் செய்ய வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்துச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெண்களிடம் சோர்வென்று வரும் வழக்குகள் பல இரும்புச் சத்துக் கணக்கில் முடிந்துவிடும். மாத்திரை போட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட உங்களுக்கு இது கட்டாயம்.

தோழி கொடுத்த மோடாஃபினிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐ.டி. அலுவலகங்களிலும் மாணவர் விடுதிகளிலும் அதற்கு "தொல்லை தராத மாத்திரை" என்று ஒரு பெயர் இருக்கிறது. அது மோசமான மருந்து என்று சொல்லமாட்டேன். நார்கோலெப்சிக்கு நல்ல மருந்து, நானே எழுதுகிறேன். ஆனால் உங்கள் விஷயத்தில் மூன்று சிக்கல்கள். அதன் அளவு பாதியாகக் குறையவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் போட்டால் மறுநாள் மதியமும் பாதி உள்ளே இருக்கும், இப்போது கிடைக்கிற நான்கு மணி நேரத் தூக்கமும் போகும். அடுத்து, கருத்தடை மாத்திரையை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்து அதன் பலனைக் குறைத்துவிடும். மோடாஃபினிலை நிறுத்தி ஒன்றிரண்டு மாதம்வரை இந்த விளைவு நீடிக்கலாம். கரு தரித்தபின் அது உடலில் இருந்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை ஏற்படலாம் என்ற எச்சரிக்கை பல நாடுகளில் வந்திருக்கிறது. தோழி கொடுத்த அட்டையில் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? மூன்றாவது, மிக அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் வெடிப்பு வரும். அமெரிக்காவில் 2006-இல் குழந்தைகளின் ஏ.டி.எச்.டி.க்கு இதை அனுமதிக்க மறுத்ததற்கு இந்தப் பயம்தான் பெரிய காரணம். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2010-இல் மறுபரிசீலனை செய்து, ஷிஃப்ட் வேலைத் தூக்கத்துக்கெல்லாம் வேண்டாம், நார்கோலெப்சிக்கு மட்டும் போதும் என்று சுருக்கிவிட்டது.

அடுத்து உடம்பு. மேற்கையில் பட்டை சுற்றும் வகை பி.பி. கருவி ஒன்று வாங்குங்கள். மாத்திரைக்கு முன் ஒருமுறை, போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் போதும். இந்த மருந்து நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் பெரும்பாலோருக்குச் சில புள்ளிகள்தான் ஏற்றும். ஆனால் சிலருக்கு அதிகம் ஏறும், அந்தச் சிலர் யார் என்று அளந்தால்தான் தெரியும். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சும்மா இருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டினால் அன்றே போங்கள். ஸ்வீடனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2023-இல் வந்த ஆய்வில், பல ஆண்டுகள் ஏ.டி.எச்.டி. மருந்து சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்த நோய் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. பயந்து நிறுத்த வேண்டியதில்லை; அளப்பதை விடக் கூடாது. உங்கள் குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், உங்களுக்கு எப்போதாவது மயக்கம் வந்திருந்தால், அதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அப்படியானால் ஈ.சி.ஜி. எடுக்காமல் தொடரக் கூடாது.

நான்கு கிலோ, நான்கு மாதத்தில் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பசி வந்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள், பசி வராது. மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய ஒரு வேளை, மருந்து இறங்கியபின் ஒரு வேளை, நடுவில் கேன்டீனில் மணி பார்த்துக் கொஞ்சம். மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை. சளிக்கு நாமாக வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது, அதுவும் பி.பி.யை ஏற்றும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. மதுவும் அப்படித்தான்.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், விரல்கள் வெளுத்து நீலமாகி மரத்துப்போவது, யாரோ பேசுவது போலக் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், தூங்காமலே நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகம்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மனம் உடைந்து தவறான எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருந்துக்கடைக்காரர் உங்களை முறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் வருகிறது. அதை விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். டேப்பென்டடால், நைட்ராஸெபாம் என்று மாத்திரைகளைப் போதைக்கு விற்றுக் கைதானவர்களின் செய்தி வாரம் ஒன்று வருகிற ஊரில், அவர் பயப்படுவதும் நியாயம்தான். உங்கள் மருத்துவரிடம் இரண்டு பிரதி கேட்டு வாங்குங்கள். தேதி, உங்கள் முழுப் பெயர், முகவரி, டோஸ், எத்தனை மாத்திரை எல்லாம் தெளிவாக இருக்கட்டும். பெரிய மருத்துவமனைகளின் உள்ளே இருக்கும் மருந்தகத்தில் கிடைப்பது எளிது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அட்டையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை இருக்கும்போதே அடுத்ததற்கு அலையுங்கள்.

மாமியாரிடம் பொய் சொல்லத் தேவையில்லை. "தவறாகச் சாப்பிட்டால் போதையாகும் மருந்துதான் அத்தே, அதனால்தான் டாக்டர் அளந்து கொடுக்கிறார்" என்று சொல்லுங்கள். வாய்வழி, சொன்ன அளவில், மெதுவாக ஏறும் மருந்துக்கு அடிமையாகிறவர்கள் குறைவு. பொடித்து உறிஞ்சுகிறவர்கள், களைப்பு தெரியாமலிருக்கத் தாமாக டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், இவர்களிடம்தான் ஆபத்து. உங்கள் நள்ளிரவு மாத்திரையை நான் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தம்பிக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் வாங்கிய இந்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பது போதைப்பொருள் சட்டத்தின்படி குற்றம். அவருக்கு இதயத்தில் என்ன இருக்கிறது, குடும்பத்தில் மனநோய் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. அது போகட்டும், அவர் எதிர்பார்க்கும் லாபமே கிடைக்காது. 2023-இல் ஆஸ்திரேலியாவில் ஏ.டி.எச்.டி. இல்லாத 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், மோடாஃபினில், டெக்ஸாம்ஃபெட்டமின் கொடுத்து ஒரு புதிர் கொடுத்தார்கள்: எடைக்கு ஒரு வரம்புள்ள பையில், மதிப்பு அதிகம் வரும்படி பொருள்களைத் தேர்ந்தெடுத்து அடைக்க வேண்டும். மருந்து போட்டவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிகத் தடவை மாற்றி மாற்றி வைத்தார்கள், ஆனால் யோசனையின் தரம் இறங்கியது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேலே இருந்தவர்கள்கூட மருந்தோடு கீழே போனார்கள். மாங்கு மாங்கென்று படித்தோம் என்ற திருப்தி மட்டும் தம்பிக்கு மிஞ்சும். அட்டையை அவர் கண்ணில் படாத, பூட்டு உள்ள இடத்தில் வைத்து, எண்ணியும் வையுங்கள்.

குழந்தை விஷயத்தைக் கருத்தடையை நிறுத்துவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் இதயக் குறைகள் மிகச் சிறிய அளவில் கூடுதலாகத் தெரிந்தன. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறந்தார்கள். சிலர் அந்தக் காலத்துக்கு நிறுத்திவைக்கிறார்கள், மருந்தில்லாமல் வாழ்க்கையே குலைந்துபோகிற சிலர் தொடர்கிறார்கள். உங்கள் மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு முன், இந்த இரவு ஷிஃப்டே தேவையா என்ற கேள்வியையும் கேளுங்கள். பகல் ஷிஃப்ட் கிடைத்தால் 1-0-0 தன் பழைய அர்த்தத்துக்குத் திரும்பிவிடும், உங்கள் தூக்கச் சிக்கலில் பாதி அங்கேயே கரைந்துவிடலாம். ஷிஃப்ட் மாற்றத்துக்கு மருத்துவரின் கடிதம் கேட்டு வாங்கலாம்; நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை, "மருத்துவக் காரணங்களுக்காக" என்றால் போதும். மாற்றவே முடியாது என்றால் அட்டமாக்ஸெடின் என்ற ஊக்க மருந்தல்லாத மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், வேகமும் குறைவுதான். ஆனால் நாள் முழுக்கச் சீராக நிற்கும், கடைகடையாக அலையவும் வேண்டாம். குழந்தைத் திட்டத்தை வைத்து அதையும் எடைபோட வேண்டியிருக்கும்.

இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். இரண்டு வாரக் குறிப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இருக்கிறதை எடுத்துப் போங்கள். எல்லா அட்டைகளையும், மிச்சமிருக்கும் 10 மி.கி. உட்பட, பையில் போட்டுக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். மாலைக்கு மாற்றியது, நள்ளிரவில் கூட்டியது, ஸ்கூட்டரில் கண் சொருகியது மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். குறட்டையைப் போனில் ஒரு நாள் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். நடுவில் சத்தம் நின்று, பிறகு திணறிக்கொண்டு மூச்சு திரும்புகிறதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்தான்.